விற்கவில்லை என்றால் நகல் எடுக்கலாமா? சட்டம் கேட்கும் நான்கு கேள்விகள்

உள்ளூர் எழுத்தாளரின் நூலை முழுவதுமாகப் படமெடுத்துப் புலனக் குழுவில் பகிர்வோர் உண்டு. “காசுக்கு விற்கவில்லை, எழுத்தாளர் பெயரும் இருக்கிறது. பிறகென்ன தவறு?” என்பது அவர்களின் கேள்வி. சட்டத்தின் பார்வையில் அந்த இரண்டு மட்டும் போதாது.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, ஆய்வு, சொந்தப் படிப்பு, திறனாய்வு, செய்தி போன்றவற்றுக்காக ஒரு படைப்பை அனுமதியின்றி நியாயமான முறையில் பயன்படுத்த இடமளிக்கிறது. நூலின் தலைப்பையும் படைப்பாளர் பெயரையும் குறிப்பிடுவது பொதுவான நிபந்தனை. பயன்பாடு நியாயமானதா என்பதைக் கணிக்க நான்கு அம்சங்களை 2012-ஆம் ஆண்டு திருத்தம் சேர்த்தது.

நோக்கம்: வணிகமா, இலாப நோக்கமற்ற கல்வியா? வகுப்பில் ஒரு பத்தியை விளக்கும் ஆசிரியரையும், கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் கொடுக்கும் டியூஷன் நிலையத்தையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

படைப்பின் தன்மை: தகவல் நூலா, கதை, கவிதை போன்ற கற்பனைப் படைப்பா என்பதும் கவனிக்கப்படும்.

அளவு: இத்தனை பக்கம் வரை எடுக்கலாம் என்று இந்த நான்கு அம்சங்களில் கணக்கு எதுவும் இல்லை. 200 பக்க நாவலில் ஒரு பத்தி சிறு பகுதிதான். எட்டு வரிக் கவிதையில் எட்டு வரியையும் எடுத்தால் அது முழுப் படைப்பு. கதையின் உயிரான பகுதியை எடுத்துவிட்டு, “கொஞ்சம்தானே” என்று சொல்வதும் எடுபடாமல் போகலாம்.

சந்தை: அந்த நகல் நூலின் விற்பனையைப் பாதிக்குமா? இலவசப் பகிர்வு சிக்குவது இங்கேதான். நம் எழுத்தாளர்கள் பலர் சொந்தப் பணத்தில் சில நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்றுத்தான் அச்சுச் செலவை மீட்கிறார்கள். முழு நூலும் கைப்பேசிக்கே வந்துவிட்டால், பணம் கொடுத்து யார் வாங்குவார்?

இந்த நான்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நூல் விமர்சனத்தில் நான்கு வரியை மேற்கோள் காட்டி, நூலையும் ஆசிரியரையும் குறிப்பிடுவது நியாயமாகவே கருதப்படும் வாய்ப்பு அதிகம். பயிற்சி நூல் ஒன்றை முழுவதுமாக நகலெடுத்து வகுப்புக்கே கொடுத்தால், நோக்கம் கல்வியாக இருந்தாலும் அளவும் சந்தையும் எதிராக நிற்கும்.

ஐயம் வந்தால் எழுத்தாளரிடமோ பதிப்பகத்திடமோ கேட்டுவிடுவதே நல்லது. எழுத்தாளர் மறைந்த பிறகும் இங்கு 50 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும். அப்போது அனுமதி கேட்க வேண்டியது, உரிமையைப் பெற்றிருக்கும் குடும்பத்தாரிடம் அல்லது பதிப்பகத்திடம்.