உங்களுக்குத் தெரியுமா? கிரேக்கத்தைக் கூடைப்பந்துக்குத் திருப்பியவர்

கால்பந்தே கதியென்று கிடந்த கிரேக்க நாட்டைக் கூடைப்பந்தின் பக்கம் திருப்பியவர் நிகோஸ் காலிஸ். பிறந்தது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில். சிறுவயதில் பழகியதோ குத்துச்சண்டை! 1979-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. கணுக்காலில் அடிபட, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் வாய்ப்பு கைநழுவியது. கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரிலுள்ள ஆரிஸ் அணிக்கு வந்தார். அவர் ஆடிய காலத்தில் அந்த அணி 8 முறை லீக் பட்டம் வென்றது.

1987 ஜூன் 14, பிரேயஸ் நகரம். ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். எதிரே சோவியத் யூனியன். கூடுதல் நேரம்வரை நீண்ட ஆட்டத்தை 103-101 எனக் கிரேக்கம் வென்றது. அதில் காலிஸ் மட்டும் 40 புள்ளிகள்! ஆறடி உயரம்தான். நெடிதுயர்ந்த தடுப்பாளர்களின் கைகளுக்கிடையே புகுந்து, அந்தரத்திலேயே உடலைத் திருப்பிப் பந்தைக் கூடையில் இறக்கிவிடுவார். அந்த அழகுக்கு ஈடே இல்லை. ஏதென்ஸ் ஒலிம்பிக் வளாகத்தின் உள்ளரங்குக்கு 2016-இல் அவர் பெயரையே சூட்டினார்கள்.