தின்றும் இளைக்கும் பூனை!

கிழப் பூனை ஒன்று, வாலிபம் திரும்பியதுபோல் திடீரென்று அள்ளி அள்ளித் தின்ன ஆரம்பித்தால் வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷந்தான். வைத்த தட்டு நொடியில் காலி. இன்னும் கொண்டா என்று சமையலறை வாசலில் ஒரே கூச்சல். “பன்னிரண்டு வயதிலும் என்ன பசி பாருங்கள்!” என்று பெருமைப்படுகிறார்கள். தூக்கிப் பார்த்தாலோ, முதுகெலும்பு கையில் நெருடுகிறது!

இந்த விசித்திர வியாதியை மிருக வைத்தியர்கள் தெரிந்துகொண்டதே சமீபத்தில்தான். நியூயார்க் அனிமல் மெடிக்கல் சென்டரைச் சேர்ந்த டாக்டர் மார்க் பீட்டர்ஸன் குழுவினர் 1979-ல் இதை விவரித்தார்கள். மறு வருஷமே பாஸ்டன் நகர வைத்தியர்கள் பத்துப் பூனைகளின் கதையை வெளியிட்டார்கள். இன்று வயதான பூனைகளுக்கு வரும் ஹார்மோன் வியாதிகளில் முதலிடம் இதற்குத்தான்.

கழுத்திலே குற்றவாளி

பூனையின் கழுத்தில், மூச்சுக் குழாயின் இரு புறமும் தைராய்டு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரீரம் என்ற உலைக்கு இதுதான் துருத்தி. முதுமையில் அதில் ஒரு கட்டி வளர்ந்து, ஹார்மோனைக் கட்டுப்பாடின்றிக் கொட்டத் தொடங்குகிறது. புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம். அப்படி இருப்பது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். ஆனாலும் துருத்தி ஓயாமல் ஊதினால் உலை என்னவாகும்? இதயம் தறிகெட்டு ஓடுகிறது. தின்றதெல்லாம் எரிந்து, போதாமல் சதையும் எரிகிறது.

கட்டி ஏன் வருகிறது? டின்னில் அடைத்த உணவு, தீப்பற்றாமலிருக்க மெத்தைகளில் சேர்க்கும் ரசாயனம் என்று பலவற்றின் மேல் சந்தேகம். எதுவும் ருசுவாகவில்லை.

பசியை மூட்டுவது யார்?

சுவாரஸ்யமான விஷயம் இனிமேல்தான். 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் ‘லெப்டின்’ என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். “கையிருப்பு போதும்” என்று உடலின் கொழுப்பு மூளைக்கு அனுப்பும் தந்தி அது. 1999-ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற விஞ்ஞானிகள் ‘கிரெலின்’ ஹார்மோனைக் கண்டார்கள். “சாப்பாடு எங்கே?” என்று வயிறு அனுப்பும் தந்தி இது.

அப்படியானால் தைராய்டு மிகுந்த உடலில் கிரெலின் பெருக்கெடுக்க வேண்டுமல்லவா? இதே கோளாறுள்ள மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தால் கிரெலின் குறைந்தே இருக்கிறது! பின் பசி எங்கிருந்து வந்தது? எலியின் மூளையில் பசியை ஆளும் பகுதியில் தைராய்டு ஹார்மோனைத் துளியளவு செலுத்தினார்கள். எலி உடனே அதிகம் தின்றது. வயிற்றைக் கேட்காமலே தைராய்டு நேராக மூளையின் கதவைத் தட்டுகிறது போலும். பூனையிலும் அப்படியே நடக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. சிறுநீரகம் கெட்டு, உணவை வெறுத்து மெலியும் பூனைகளுக்காக, கிரெலினைப் போலவே வேலை செய்யும் ‘காப்ரோமொரெலின்’ என்ற மருந்துக்கு 2020-ல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. ஒரு பூனைக்குப் பசியே மருந்து. மற்றொன்றுக்குப் பசியே வியாதி!

சிகிச்சை உண்டு

தினமும் ‘மெத்திமசோல்’ மாத்திரை கொடுக்கலாம். (பூனைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். காதின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவும் அதைத் தயாரிக்கிறார்கள்.) ஆபரேஷன் செய்யலாம், அயோடின் குறைந்த உணவு தரலாம். எல்லாவற்றிலும் சிறந்தது கதிரியக்க அயோடின். ஒரே ஊசி! கட்டி தானாகவே அதை உறிஞ்சி அழிகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பூனைகள் குணமடைகின்றன. கதிர்வீச்சு தணியும்வரை பூனை ஆஸ்பத்திரியில் தனிச்சிறை இருக்க வேண்டும்.

ஒரு சங்கடமும் உண்டு. மிகுந்த தைராய்டு, சிறுநீரகத்துக்கு ரத்தத்தை விரட்டி அனுப்புகிறது. அதனால் நைந்துபோன சிறுநீரகங்கூட நல்லதுபோல் வேஷம் போடும். தைராய்டு அடங்கியதும் வேஷம் கலைந்துவிடும். ஆகையால் பல வைத்தியர்கள் முதலில் சில வாரம் மாத்திரை கொடுத்து, ரத்தம் சோதித்து, பிறகே ஊசியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வீட்டில் வயதான பூனை இருந்தால் மாதம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். அது தராசில் அடங்கி உட்காராது. அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். 4 கிலோ பூனை அரைக் கிலோ இளைப்பது, 64 கிலோ மனிதர் 8 கிலோ இளைப்பதற்குச் சமம்.