நல்லூர் ஐஸ்கிரீமும் ஒரு வியாபாரக் கணக்கும்

யாழ்ப்பாணம் போய் வந்த ஒருவரைச் சந்தித்தால் நம்மவர்கள் பலர் கேட்கும் முதற் கேள்வி, "ரியோவில் ஐஸ்கிரீம் குடித்தீர்களா?" என்பதுதான். கோட்டையும் நூலகமும் அதற்குப் பிறகே வரும். யுத்தம் முடிந்து ஏ-9 வீதி 2009இல் திறந்து, 2014 ஒக்டோபரில் யாழ்தேவியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பின்னர், தெற்கிலிருந்து போகும் சுற்றுலா பஸ்களுக்கு நல்லூர் ஒரு கட்டாயத் தரிப்பிடமாகிவிட்டது. ஓர் ஐஸ்கிரீம் கடை எப்படி ஓர் ஊரின் அடையாளமாகிறது என்பதை வியாபாரக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. அண்மையில்தான் அதற்கு வாய்ப்புக் கிடைத்தது.

என்னோடு வந்தவர்கள் புத்தளத்தில் வசிக்கும் நண்பர் ஒருவரும் அவருடைய மகனும். நண்பர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். மகன் அங்கே ஏதாவது தொழில் தொடங்க விரும்புகிறார். ஐஸ்கிரீம் பார்லர் ஒன்று போடலாம் என்பது அவரது முதல் எண்ணம். குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அதற்குள் போகும் என்பதால், போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன்.

முதலில் இடத்தைக் கவனியுங்கள். நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்கு அருகே இந்தக் கடைகள் இருப்பது தற்செயலல்ல. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். இன்றுள்ள கோயிலின் தொடக்கம் 1734. ஆடி, ஆவணியில் வரும் திருவிழா 25 நாட்கள் நடைபெறும். வெயிலில் வெறுங்காலோடு மணலில் நின்ற குடும்பங்கள் வெளியே வந்ததும் தேடுவது நிழலும் குளிர்ச்சியும்தான். விளம்பரத்துக்குச் செலவழிக்காமலே சனம் வாசலுக்கு வருகிறது.

மற்ற இடங்களையும் சுற்றினோம். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டிய கோட்டை. 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்ட நூலகம். நல்லூர்ப் பக்கம் மந்திரிமனை. காரைநகரில் கசூரினா கடற்கரை. குறிகட்டுவானிலிருந்து படகேறினால் நயினாதீவு. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒரு வியாபாரியின் கண்ணில் படுவது வேறு. இவை பெரும்பாலும் பகலில் பார்க்கும் இடங்கள். பொழுது சாய்ந்தால் பிள்ளை குட்டிகளோடு எங்கே போவது? அந்த மாலை நேரத்தைத்தான் ஐஸ்கிரீம் கடை விற்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் நிறம் நிறமாக அடுக்கி வைத்ததை மூன்று தலைமுறை ஒரே மேசையில் இருந்து குடிக்கிறது. பெண்கள் தயக்கமின்றி வந்து போகும் இடமாகவும் அது இருக்கிறது. நமது ஊர்களில் சாப்பாட்டுக் கடை போடுவோர் இதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

ஹலால் விடயத்தில் ஒரு வார்த்தை. ஐஸ்கிரீமில் நாம் விசாரிக்க வேண்டியவை ஜெலட்டினும், எமல்சிஃபயர் எனும் கலப்புப் பொருளும் ஆகும். ஜெலட்டின் விலங்கிலிருந்தே வருவது; எமல்சிஃபயர் விலங்கிலிருந்தும் வரலாம், தாவரத்திலிருந்தும் வரலாம். சைவ உணவுக்காரர்கள் நிறைந்த நல்லூரில் இதே கேள்வியை அவர்களும் கேட்கக் கூடியவர்கள். ஆகவே கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

இனிக் கணக்கு. ஐஸ்கிரீமில் கணிசமான பங்கு காற்று. ஒரு லீற்றர் கலவையில் அதே அளவு காற்றை அடித்தால் இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் கிடைக்கும். இதைக் கேட்டதும் மகனின் முகம் மலர்ந்தது. நகரில் சிறிய குளிர்பானக் கடை நடத்தும் ஒருவர் (பெயர் வேண்டாம் என்றார்) மறுபக்கத்தைச் சொன்னார். சரக்கைப் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் இரவு பகலாக வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நின்று இளகி மறுபடி உறைந்தால் உள்ளே ஐஸ் கட்டிகள் நறநறக்கும். அதை வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது பால்மாவுக்கும் வரிசை, டீசலுக்கும் வரிசை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரும் தவித்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் ஏறியது. பிறகு குறைப்புகள் வந்தன என்றாலும் அந்த அடியில் பெட்டிகளை விற்றுவிட்டு ஒதுங்கியோரைத் தனக்குத் தெரியும் என்றார் அவர். போதாததற்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஐஸ்கிரீம் ஓடாத மாதங்களிலும் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

காலையில் சோனகத் தெருவுக்குப் போனோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினர். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர். இரும்புக் கடை, தையல், லொறி என்று பரம்பரையாகச் செய்த தொழில்களின் சரக்கும் கணக்குப் புத்தகமும் அங்கேயே நின்றன. நண்பர் தமது தகப்பனாரின் கடை இருந்த இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே வேறு கட்டடம். திரும்பி வந்த சில குடும்பங்களோடு ஸலாம் சொல்லிக் கதைத்தோம். "முதல் போடுங்கள், ஆனால் முழு முதலையும் போடாதீர்கள்" என்று ஒரு பெரியவர் மகனிடம் சொன்னார். ஒரு முறை எல்லாவற்றையும் விட்டு நடந்தவரின் வார்த்தைக்கு நிறை அதிகம்.

திரும்பும் ரயிலில் மகன் நெடுநேரம் மௌனமாக இருந்தார். வவுனியா கழிந்த பின்னர் திடீரென்று, "மாமா, கோனுக்கு பிரிட்ஜ் தேவையில்லையே" என்றார். நானும் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோதுமை மா, சீனி, எண்ணெய். எதிரி ஈரப்பதன் மட்டும்தான். நல்ல பொலித்தீன் உறையிட்டு அடைத்தால் பல வாரங்கள் நிற்கும். கோன், காகிதக் கோப்பை, கரண்டி மூன்றையும் சேர்த்துக் கடைகளுக்கு நேரே கொடுத்தால் எந்தக் கடை வென்றாலும் இவருக்குச் சரக்குப் போகும். கடனுக்குக் கேட்பார்களே என்று எச்சரித்தேன். முதல் மூன்று மாதம் காசுக்கு மட்டும், விலையில் சிறிது விட்டுக்கொடுப்பேன் என்றார். அந்தக் குளிர்பானக் கடைக்காரர் மாதிரி பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அடுத்த மாதம் இரண்டு பெட்டிக் கோன்களோடு மறுபடியும் போகிறார்கள். திருவிழாக் கொடியேறுமுன் ஐந்து கடைகளாவது பிடிக்க வேண்டும் என்பது மகனின் கணக்கு. மூன்று போதும் என்கிறார் தகப்பன்.