ஒருமுறை ஆபரேஷன் ஆயிற்று. எடை திரும்பி வந்துவிட்டது! மறுபடியும் கத்தி வைக்கலாமா?

புனே:

ரயில் நிலைய பிளாட்பாரங்களில் ஒரு காலத்தில் எடை பார்க்கும் இயந்திரங்கள் நின்றன. காசைப் போட்டால் வண்ண விளக்குகள் சுழலும். "டக்" என்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை. மறுபக்கம் சினிமா நட்சத்திரத்தின் படமோ, அதிர்ஷ்ட வாசகமோ இருக்கும். எடை கூடியிருந்தாலும் வாசகம் நன்றாக இருந்தால் மனசு சமாதானமாகிவிடும்.

இப்போது வீட்டிலேயே கண்ணாடித் தட்டு மாதிரி எடை மெஷின் வந்துவிட்டது. அதில் வாசகம் கிடையாது. எண் மட்டும்தான்.

அந்த எண்ணைப் பார்த்து மற்றவர்களைவிட அதிகமாகக் கலங்குகிறவர்கள் உண்டு. உடல் பருமனுக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு, மளமளவென்று இளைத்து, இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடியும் முள் ஏறக் கண்டவர்கள்தான் அவர்கள்.

தேஹு ரோடு பக்கம் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆசாமிதான், ஆனால் அவர் கணக்கு நிஜமான கணக்கு. வயது 45. உயரம் 165 சென்டிமீட்டர். ஆபரேஷனுக்கு முன் எடை 120 கிலோ. சர்க்கரை வியாதி, முழங்கால் வலி, ராத்திரி முழுக்கக் குறட்டை. ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷத்தில் 86 கிலோவுக்கு இறங்கினார். பழைய பேண்ட், சட்டையெல்லாம் பாத்திரக்காரியிடம் போய் எவர்சில்வர் குடமாகத் திரும்பி வந்தன. நாலாவது வருஷம் பார்த்தால் 101 கிலோ. குடம் இருக்கிறது; போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை.

வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனால் பெரியப்பா சும்மா இருப்பாரா? "ஏம்பா, லட்சக்கணக்குல செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணிக்கிட்டியாமே?" என்று நாலு பேர் நடுவில் கேட்பார். கேட்டுவிட்டு அவர் பந்திக்குப் போய்விடுவார்.

வீட்டில் மனைவி, "இன்னொரு தடவை பண்ணிக்கிட்டா என்னங்க?" என்கிறாள். மச்சானோ, "முதல் தடவையே பிரயோஜனமில்லே, மாமா. மறுபடியும் எதுக்கு?" என்கிறார்.

இருவரில் யார் சொல்வது சரி?

முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

முதலில் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 120 கிலோவிலிருந்து 86 என்றால் குறைந்தது 34 கிலோ. அதாவது மொத்த எடையில் நூற்றுக்கு 28 பங்கு. டாக்டர்கள் எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் நூற்றுக்கு 25 முதல் 30 பங்குதான். 120 கிலோ ஆசாமி 65 கிலோ ஆவார் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முன் மனசுக்குள் 65 என்று எழுதி வைத்துக்கொண்டவர்களே அதிகம். ஏமாற்றத்தில் பாதி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

கொஞ்சம் எடை திரும்புவதும் புதிய சங்கதி அல்ல. ஸ்வீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி 4,047 பேரை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-ல் வெளியான முடிவுகளின்படி, பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு வருஷத்துக்குள் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். 15 வருஷம் கழித்து அது 27 சதவீதமாக நின்றது. இரைப்பையைச் சுற்றி வளையம் போட்டுக்கொண்டவர்களுக்கு 20 சதவீதம், 13 ஆகத் தேய்ந்தது. இருந்தாலும், ஆபரேஷன் செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட இவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்தன என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்தது.

நம் குமாஸ்தாவின் இன்றைய 101 கிலோகூட ஆரம்பத்தைவிட 19 கிலோ குறைவுதான். அவருடைய சர்க்கரை மாத்திரை பாதியாகி, குறட்டையும் நின்றிருந்தால், ஆபரேஷன் தோற்றது என்று சொல்ல முடியாது. பெரியப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது வேறு விஷயம்.

உடம்பு ஏன் பழைய எடைக்கே இழுக்கிறது?

இப்போது நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும் ஆபரேஷனுக்கு 'ஸ்லீவ்' என்று பெயர். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற சுரப்பு பெருமளவில் உண்டாவது அந்த வெட்டி எடுத்த பாகத்தில்தான். 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த சுரப்பு இது. ஆகவே முதல் வருஷம் பசியே தெரியாது. தேன்நிலவுக் காலம் மாதிரி!

பிறகு உடம்பு சுதாரித்துக்கொள்கிறது. எடை குறைந்த உடம்புக்கு எரிபொருளும் குறைவாகவே வேண்டியிருக்கிறது. பசி மெல்லத் தலைகாட்டுகிறது. குழாய் நாளாவட்டத்தில் விரிந்து கொடுக்கவும் கூடும். இதையெல்லாம் வெறும் நாக்கின் குற்றம் என்று தள்ளிவிட முடியாது.

நாக்கின் பங்கும் இல்லாமலில்லை. சின்ன வயிற்றில் கெட்டியான உணவு தங்கி நின்று, "போதும்" என்று சொல்லும். ஆனால் சர்க்கரை போட்ட காபி, பழரசம், ஐஸ்கிரீம், ஸ்ரீகண்ட் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். பாகர்வடியையும் மிக்சரையும் கொறித்துக்கொண்டே இருந்தால் வயிறு நிறைந்த உணர்வே வராது. கணக்கு மட்டும் ஏறும். நாளைக்கு நாலு டம்ளர் காபி குடிக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மதுபானமும் அப்படியே. பைபாஸ் ஆனவர்களுக்குப் போதை சீக்கிரம் ஏறும் என்பது கூடுதல் ஆபத்து.

இன்னும் சில காரணங்கள் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையைக் கூட்டக் கூடியவை. இரண்டாவது ஆபரேஷனைப் பற்றிப் பேசுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

புனேயில் அளந்த கொழுப்பு

எடை மெஷினை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குப் புனேயிலேயே ஒரு சாட்சி உண்டு. இங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! அந்தப் படம் 2004-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்து உலகம் சுற்றியது.

வெள்ளைக்காரருக்கு வகுத்த எல்லை நமக்குப் பொருந்தாது என்பதுதான் சங்கதி. அதனால்தான் 2009-ல் இந்திய மருத்துவ நிபுணர்கள் கூடி, குறியீடு 37.5-க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை போன்ற வியாதிகளுடன் 32.5-க்கு மேல் இருந்தாலோ ஆபரேஷனை யோசிக்கலாம் என்று எல்லையைக் கீழே இறக்கினார்கள். நம் குமாஸ்தாவின் இன்றைய குறியீடு 37.

கத்திக்கு முன்னால்

ஏமாற்றத்தோடு வருகிறவரை உடனே மேஜையில் படுக்க வைப்பவர் நல்ல டாக்டர் அல்ல. முதலில் வாய் வழியே குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும். பேரியம் என்ற சுண்ணாம்பு போன்ற திரவத்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். ஸ்லீவ் குழாய் விரிந்திருக்கிறதா, எங்காவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா, வளையம் நழுவியிருக்கிறதா, பைபாஸ் ஆனவருக்குப் புதுப் பைக்கும் பழைய இரைப்பைக்கும் நடுவே கள்ளவழி ஏற்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கூடவே ரத்தம், இரும்புச்சத்து, பி-12, டி வைட்டமின் சோதனைகள் உண்டு. உணவு நிபுணரையும் மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது.

உள்ளே கோளாறு இருந்தால் ஆபரேஷனுக்கு நியாயம் இருக்கிறது. ஸ்லீவ் செய்துகொண்ட சிலருக்கு நெஞ்செரிச்சல் தாங்க முடியாமல் போகும். படுத்தால் புளிப்பு தொண்டைவரை வரும். அவர்களுக்குப் பைபாஸாக மாற்றுவதில் எடையோடு எரிச்சலும் தணிய வாய்ப்புண்டு. வளையம் போட்டவர்களுக்கு அதை எடுத்துவிட்டு ஸ்லீவோ பைபாஸோ செய்வார்கள். முதலிலேயே பைபாஸ் ஆனவர் பாடுதான் சிக்கல். குடலின் நீளத்தை இன்னும் குறைத்தால் எடை இறங்கும். ஆனால் சாப்பிடும் புரதம் உடம்பில் ஒட்டாமல் போய்க் கால் வீங்கும் நிலை வரலாம். வெட்டாமல், வாய் வழியே குழாய் விட்டுத் தையல் போட்டுப் பையைச் சுருக்கும் முறையும் வந்திருக்கிறது. அதில் ஆபத்து குறைவு, பலனும் குறைவு.

உள்ளே எல்லாம் சரியாக இருந்து எடை மட்டும் ஏறியிருந்தால்? அங்கேதான் அவசரப்படக் கூடாது. முதல் முறை கத்தி பட்ட இடத்தில் சதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டம் மாறியிருக்கும். தையல் கசியும் அபாயம் முதல் முறையைவிட அதிகம். இறங்கும் எடையோ பொதுவாக முதல் முறையைவிடக் குறைவு. இந்த இரண்டு வாக்கியங்களையும் டாக்டர் தாமாகச் சொல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது ஆபரேஷன் என்றாலே தோல்வி என்றும் அர்த்தமில்லை. ஸ்லீவ் பிறந்த கதையே அதுதான். மிகப் பெரிய உடம்புள்ளவர்களுக்கு ஒரே மூச்சில் முழு ஆபரேஷன் செய்தால் ஆபத்து என்று, 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் அதை இரண்டு தவணையாகப் பிரித்தார்கள். முதல் தவணை ஸ்லீவ். அதிலேயே பலர் போதுமான அளவு இளைத்துவிட்டதால் அது தனி ஆபரேஷனாக நிலைத்துவிட்டது. மும்பைப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் 300 கிலோ எடையுடன் படுத்த படுக்கையாக இருந்தார். புனேயைச் சேர்ந்த டாக்டர் சசாங்க் ஷா அவருக்கு 2015-ல் ஸ்லீவும், 2017-ல் பைபாஸும் செய்தார். 2019-ல் அந்த அம்மாளின் எடை 86 கிலோ என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அது முதலிலேயே திட்டமிட்ட இரண்டு படிகள். மாடிப்படியில் வழுக்கி விழுந்தவர் மறுபடி ஏறுவது போன்றது அல்ல.

மறுபக்கமும் உண்டு. 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில், எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன 26 வயது புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அது முதல் ஆபரேஷனே. செலவு குறைவு என்று மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், மயக்க மருந்து டாக்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கேயே உண்டா என்று விசாரிக்க வேண்டும். இரண்டாம் முறைக்குப் போகிறவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "டாக்டர், இந்த மாதிரி மறு ஆபரேஷன் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?"

ஊசி வந்திருக்கிறது

நாலைந்து வருஷத்துக்கு முன் இல்லாத ஒரு வழி இப்போது இருக்கிறது. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி. டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாக்ளூடைட் 2025 ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வெளிநாட்டு ஆராய்ச்சிகளில் செமாக்ளூடைட் 68 வாரத்தில் சுமார் 15 சதவீதமும், டிர்செபடைட் உச்ச அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதமும் எடையைக் குறைத்தன. ஆபரேஷனுக்குப் பின் எடை திரும்பியவர்களுக்கும் இப்போது பல டாக்டர்கள் கத்திக்கு முன் இதையே யோசிக்கிறார்கள்.

ஆனால் ஊசியை நிறுத்தினால்? செமாக்ளூடைட் போட்டுக்கொண்டவர்கள் நிறுத்திய ஒரு வருஷத்துக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். குமட்டல், வயிற்றுப் போக்கும் உண்டு. மாதச் சம்பளக்காரர் இது எத்தனை மாதத்துச் செலவு என்று கணக்குப் போட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இன்சூரன்ஸ் எல்லை வேறு

பணம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது வாசகத்தின்படி, பருமன் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டுமானால் குறியீடு 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, இருதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும். மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்கவும் வேண்டும்.

நம் குமாஸ்தாவைப் பாருங்கள். குறியீடு 37. முதல் ஆபரேஷன் புண்ணியத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, குறட்டையும் இல்லை. ஆகவே இரண்டாவதற்குப் பணம் கிடைப்பது சந்தேகம்! டாக்டர்களின் இந்திய எல்லை வேறு, இன்சூரன்ஸ் கம்பெனியின் எல்லை வேறு. கடன் வாங்கியோ, ஊர் நிலத்தை விற்றோ செய்வதற்கு முன் பாலிசிக் காகிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். அலுவலக மருத்துவத் திட்டத்தில் இருப்பவர்கள் எழுத்து மூலம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ரேஷன் கார்டையும் பி.எப். சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கும் நம்மவர்கள், முதல் ஆபரேஷன் குறிப்பைத் தொலைத்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது. எந்த அளவுக் குழாய், குடலை எவ்வளவு தள்ளி இணைத்தார்கள் என்பதெல்லாம் ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் நகல் தர வேண்டும். வருஷம் ஆக ஆகப் பழைய காகிதங்கள் கிடைப்பது கஷ்டம் என்பதால், அதைக் கேட்க இந்த வாரமே போகலாம்.