ஓவியம் கற்க எங்கே செல்வது?

ஓவியம் பயில விரும்பும் பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அங்கே இரண்டு வினாக்கள் எழும். இந்தக் கலை சோறு போடுமா என்பது ஒன்று. எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு அஞ்சியே பலர் இரண்டாவதைக் கேளாமல் விட்டுவிடுகின்றனர். மேல்நிலைத் தேர்வு முடிந்ததும், நான் வாழும் எடமலைப்பட்டி புதூரில் பெற்றோர் சிலர் இவ்விரண்டையும் சேர்த்தே என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

கல்லூரியின் பெயரை விசாரிக்கும் முன், பிள்ளையின் கை எதை நாடுகிறது என்று காண வேண்டும். வண்ணத்தை நாடும் கை ஒன்று. கல்லையும் களிமண்ணையும் நாடும் கை வேறொன்று. எழுத்தையும் படத்தையும் இணைத்து விளம்பரம் அமைக்க விழையும் கை இன்னொன்று. இதை அறிய நமக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒருநாள் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தின் குதிரைத் தூண்கள் முன் பிள்ளையை நிறுத்துங்கள். மற்றொரு நாள் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்று, குகையின் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தைக் காட்டுங்கள். எங்கே நெடுநேரம் நின்று தாளும் எழுதுகோலும் எடுக்கிறதோ, அங்கேதான் அதன் மனம் இருக்கிறது.

இனி, கல்லூரிகளைக் காண்போம். சென்னை அரசினர் கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளியின் வளர்ச்சி. மெரினாக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையைப் படைத்த தேவி பிரசாத் ராய் சௌதுரியும், அவருக்குப்பின் கே. சி. எஸ். பணிக்கரும் அதன் முதல்வர்களாக விளங்கினர். ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு சுடுமண் கலை, துணி வடிவமைப்பு போன்றவற்றையும் அங்கே பயிலலாம். சென்னையில் தங்கும் செலவைத் தாங்க இயலாத திருச்சிக் குடும்பத்துக்குக் கும்பகோணத்து அரசினர் கவின்கலைக் கல்லூரி அருகிலுள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களும், சுவாமிமலையில் வெண்கலப் படிமம் வார்க்கும் ஸ்தபதிகளும் பக்கத்திலேயே இருப்பது அங்குப் பயில்வோரின் பேறு.

மாமல்லபுரத்துக் கல்லூரியின் நெறி வேறு. 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அது, சிற்ப நூல்கள் வகுத்த அளவுகளின்படி கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றில் வேலை கற்பிக்கிறது. சென்னையில் மாணவன் தனக்கென ஒரு பாணியைத் தேடுகிறான். மாமல்லபுரத்திலோ மரபின் அளவுக்குத் தன் கையைப் பழக்குகிறான். இரண்டும் உயர்ந்தவையே. ஆயினும், ஒன்றுக்குரிய பிள்ளையை மற்றொன்றில் சேர்த்தால் நான்கு ஆண்டுகள் வீணாகும். கலையின்மீது கசப்பும் தோன்றும். பெற்றோர் அஞ்ச வேண்டியது இதற்கே.

ஆதலின், விண்ணப்பிக்கும் முன் வகுப்பு நடக்கும் நாளொன்றில் கல்லூரிக்கு நேரில் செல்லுங்கள். பட்டறையில் கருவிகள் புழங்குகின்றனவா, தூசி படிந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். ஆசிரியர்கள் தாமும் படைக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கால் மணி நேரம் பேசினால், விளம்பர ஏடு சொல்லாததும் விளங்கும்.

பட்ட மேற்படிப்புக்கு வேறோர் ஊரும் வேறோர் ஆசிரியரும் நல்லது என்பது என் கருத்து. சாந்திநிகேதனத்தில் 1919இல் தோன்றிய கலாபவனமும், பரோடாவில் 1950இல் தோன்றிய கவின்கலைத் துறையும் இதற்கு உகந்தவை. கே. ஜி. சுப்ரமணியன் முன்னதில் கற்றுப் பின்னதில் கற்பித்தார். இரு வேறு சூழல்களின் வளம் அவர் கலையில் கலந்தது.

சோறு போடுமா என்ற வினா எஞ்சுகிறது. 1966இல் பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தனர். ஓவியம் உடனே விலைபோகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். துணியில் பாத்திக் வேலை போன்ற கைவினைகள் செய்து விற்றே ஊன்றி நின்றனர். இன்று பள்ளி, விளம்பரம், திரைப்படம், கோயில் திருப்பணி எனத் துறைகள் பல உள. எந்தப் பட்டமும் வாழ்வுக்கு உறுதிச்சீட்டு ஆகாது. ஓவியப் பட்டமும் அவ்வாறே. ஆனால், படைக்கும் கையோடு பிழைக்கும் கைத்தொழில் ஒன்றையும் கற்றுத்தரும் கல்லூரியைத் தேர்ந்தால், அச்சத்தில் பாதி நீங்கும். மீதிப் பாதியைப் பிள்ளையின் உழைப்பு நீக்கட்டும்.