திருத்திய அளவும் தீராத ஐயமும்

கருவி காட்டிய எண்ணைப் பின்னர் மாற்றுவது முறையாகுமா? பூமியின் வெப்பநிலை பற்றிய விவாதங்களில் அடிக்கடி எழும் வினா இது. வினா நியாயமானதே. இதற்கு விடை காணக் கடல்நீரின் வெப்பத்தை அளந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

முற்காலத்து மாலுமிகள் வாளியால் கடல்நீரை முகந்து, அதில் வெப்பமானியை இட்டுப் பார்த்தனர். கான்வாஸ் வாளியிலுள்ள நீர் மேலே வருவதற்குள் காற்றுப்பட்டுச் சற்றே குளிர்ந்துவிடும். பின்னர், இயந்திரத்தைக் குளிர்விப்பதற்காகக் கப்பல் உள்ளிழுக்கும் நீரில் அளவெடுத்தனர். அங்கோ, இயந்திர அறையின் வெம்மையால் அளவு சற்று மிகும். அண்மைக் காலத்தில் மிதவைக் கருவிகள் கடலிலேயே மிதந்து அளக்கின்றன. கப்பல் தரும் அளவு மிதவை தருவதைவிடச் சராசரியாக ஏறத்தாழ 0.12 டிகிரி செல்சியஸ் மிகுதி. இவற்றை அப்படியே வரிசைப்படுத்தினால், கருவி மாறியதைக் கடல் மாறியதாக எண்ணிவிடுவோம். எண்ணெயைப் பாத்திரத்தோடு நிறுத்தால், பாத்திரத்தின் எடையைக் கழிக்கிறோம் அன்றோ? அத்தகையதே இத்திருத்தமும்.

2015 ஜூனில் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ல் குழுவினர் இவ்வாறு திருத்திய கணக்கை வெளியிட்டனர். 1998க்குப் பின் வெப்ப உயர்வு தளர்ந்தது என்ற கருத்துக்கு அது இடந்தரவில்லை. அந்நாட்டுக் கீழ்ச்சபையின் விஞ்ஞானக் குழுத் தலைவராயிருந்த லாமர் ஸ்மித், அரசின் கொள்கைக்கு ஏற்ப எண்கள் மாற்றப்பட்டன எனக் குற்றஞ்சாட்டி, ஆய்வாளரின் கடிதப் போக்குவரத்தையும் கேட்டு ஆணை பிறப்பித்தார்.

வழக்கில் தெளிவைத் தந்தவை மீண்டும் அளவுகளே. 2017 ஜனவரியில் சீக் ஹவுஸ்ஃபாதர் முதலியோர் மிதவைகள், செயற்கைக் கோள்கள், ஆர்கோ கருவிகள் ஆகியவற்றின் அளவுகளை ஒன்றோடொன்று கலவாமல் ஆராய்ந்தனர். அவை புதிய கணக்கோடு பெரிதும் ஒத்திருந்தன. இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. உலகம் முழுவதற்கும் செய்யப்பட்ட திருத்தங்களைக் கூட்டிப் பார்த்தால், நூற்றாண்டுக் கால வெப்ப உயர்வு சிறிது குறையவே செய்கிறது. வாளியால் குறைந்து தோன்றிய பழைய அளவுகள் உயர்த்தப்பட்டமையே அதற்குக் காரணம்.

சூடேறிய நீர் விரியும், கடல்மட்டமும் உயரும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இவ்வெண்கள் அயலார் பூசல் அல்ல. ஆகவே ஐயுறுவோம்; முறையோடு ஐயுறுவோம். எதற்காகத் திருத்தினர்? மூல அளவு காக்கப்பட்டுள்ளதா? பிறர் தனியே சோதித்தனரா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின், அதை ஏற்பதே அறிவுடைமை.