கைப்பழக்கமும் சுரக்குறிப்பும்

பசறை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களிலே மார்கழிப் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்போர் பலர் ஏடு பார்த்துக் கற்றவரல்லர், கேட்டுக் கற்றவர். பாடுவோரின் குரல் ஏறினால் தாமும் சுருதியை ஏற்றிக்கொள்வர். காரணம் கேட்டால், காதைத்தான் காட்டுவர். இத்தகைய அனுபவசாலிக்குச் சுரக்குறிப்புத் தேவைதானா?

முதலில், அவர் அறிந்திருப்பது எது எனப் பார்ப்போம். ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு 7 வெள்ளை, 5 கறுப்பு, ஆக 12 கட்டைகள் உண்டு. 1 கட்டைச் சுருதியில் சங்கராபரணம் முழுவதும் வெள்ளைக் கட்டைகளிலேயே அமையும். 2 கட்டைச் சுருதியில் காந்தாரமும் நிஷாதமும் கறுப்புக்குச் செல்லும். 5 கட்டையிலோ நிஷாதம் ஒன்றே கறுப்பு. விரலின் வழி மாறுகிறது. சுரங்களுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. இவ்வுண்மையை அவர் விரல்கள் முன்பே அறியும்.

நமது சுரக்குறிப்பும் இவ்வாறே அமைந்தது. 'ச' என்னும் எழுத்து எந்தக் கட்டையையும் தனக்கென நிலையாகக் கொள்வதில்லை. ஆகவே, ஒருமுறை எழுதியதை எச்சுருதியிலும் வாசிக்கலாம். மேனாட்டு ஐங்கோட்டு முறையிலோ ஒவ்வொரு குறியும் ஒரு குறித்த ஒலியைச் சுட்டும். சுருதி மாறினால், வாசிப்பவர் குறிதோறும் இடம் பெயர்த்துக் கொள்ள வேண்டும்.

இனிக் கற்கும் முறை. எழுத்தின் மேற்புள்ளி தார ஸ்தாயியையும் கீழ்ப்புள்ளி மந்திர ஸ்தாயியையும் காட்டும். காற்புள்ளி ஓர் அட்சரமும், அரைப்புள்ளி இரண்டு அட்சரங்களும் நீளும். இவற்றை அறிவதற்குத் தெரிந்த பாட்டு உதவும். படித்துப் பழகுவதற்கு உதவாது. கண் படிக்குமுன் கை ஞாபகத்தில் ஓடிவிடும். ஆதலால், கேளாத சிறு கீதமொன்றை விளம்ப காலத்தில் எடுத்தல் நலம். காலால் தாளமிட்டு, பிழை நேரினும் நில்லாது, விரல் ஒரு சுரத்திலிருக்கக் கண் அடுத்ததற்குச் செல்லவேண்டும். பின்பு அதனையே 2 கட்டையிலும் 5 கட்டையிலும் வாசிக்கலாம்.

கமகத்தின் நுட்பம் முழுவதும் எழுத்தில் அடங்காது. எனினும், 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் வெளியான தமது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கும் குறிகள் இட்டு எழுதினார். அதனால் பல உருப்படிகள் நமக்குக் கிட்டின.

தோட்டத்துப் பாட்டுக்கும் அப்பேறு வேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் எத்தனையோ குடும்பங்கள் கடல் கடந்தன. கேள்வியால் மட்டும் வாழும் பாட்டு, அறிந்தவர் அகன்றால் அவரோடு அகலும். மாசியிலே காமன் கூத்து நடத்தும் மாஸ்டர் பாட, அருகிருந்து சுரப்படுத்தி எழுத வல்லவர் அத்தோட்டத்து ஆர்மோனியக்காரரே. வாசிக்கக் கற்றவர் நாளடைவில் எழுதவும் கற்பார்.